எட்டு நிமிஷத்துக்கு ஒரு வேலை

பெரம்பலூர் ஸ்கேன் சென்டருக்குள் நான் நுழைந்த முதல் நாள், பெயரைச் சொல்வதற்கு முன்பே என் கையில் ஒரு போர்வையின் இரண்டு முனைகள் வந்துவிட்டன. மற்ற இரண்டு முனைகளை அக்கா பிடித்திருந்தார்.

"நல்லா உதறு பாப்பா. ம், இப்ப மடி. ஆமா, யாரு நீ?"

சொல்ல ஆரம்பித்தேன். சென்னையில் நடக்கும் மூளை ஆராய்ச்சி ஒன்றுக்கு இந்தப் பக்கத்து உதவியாளர். சொந்த ஊர் அரியலூர். உளவியல் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஆட்களை அழைத்து வந்து எம்.ஆர்.ஐ. எடுக்கப்போகிறோம். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் நாலு போர்வை மடித்திருந்தேன்.

"படிச்ச புள்ளைக்கு மூலை சேர்த்து மடிக்கத் தெரியுதே" என்றார்.

அக்கா அங்கே டெக்னீஷியன். ஆளைப் படுக்க வைப்பது, தலையைக் கூட்டுக்குள் பொருத்துவது, இயந்திரத்தை ஓட்டுவது எல்லாம் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில், கழுத்தில், கையில் பொட்டு நகை கிடையாது. கேட்டால், "காந்தத்தோட குடும்பம் நடத்துறவளுக்கு எதுக்குடி நகை?" என்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லி அழைத்ததில்லை. யாருமே அழைத்து நான் கேட்டதில்லை. நோயாளிகளிலிருந்து தெருமுனை டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் ஸ்கேன் அக்கா.

யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. சும்மா இருக்கும் ஆள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறார் என்பது அவருடைய தீர்மானம். ஆகவே வருகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு வேலை. கணவனுக்கு மனைவியின் நகைத்தட்டு. "மடியில வச்சுக்கங்க, எந்திரிக்காதீங்க, அஞ்சு உருப்படி, நெனப்புல வச்சுக்கங்க." மாமியாருக்கு ஊக்குத் தேடும் வேலை. "உங்க மருமக சேலையில ஒரு ஊக்கு ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடிச்சுக் குடுங்க பாப்போம்." ஊக்கு இருக்கிறதோ இல்லையோ, மாமியார் பத்து நிமிடம் மும்முரமாகிவிடுவார். அதற்குள் மருமகளின் ஸ்கேன் பாதி முடிந்திருக்கும்.

அவருடைய மேசை இழுப்பறையில் மஞ்சள் கயிறு ஒரு கண்டும் துண்டு மஞ்சளும் எப்போதும் இருக்கும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களுக்காக. "இதைக் கட்டிக்கிட்டு அதைக் கழட்டுங்க, ஒரு நொடிகூடக் கழுத்து சும்மா இருக்காது" என்பார். மறுத்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து எங்கள் பேராசிரியை ஒருநாள் மேற்பார்வைக்கு வந்தார். உலகக் கருத்தரங்குகளில் மேடையேறியவர். வந்த ஐந்தாவது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் கயிற்றை முழம் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நீளமா வெட்டுங்க மேடம், எங்க ஊரு அம்மாக்களுக்குக் கழுத்து பெரிசு" என்று அக்கா சொல்ல, மேடமும் "இது போதுமாம்மா?" என்று அளவு காட்டினார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். அக்கா பூலாம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். உட்கார்ந்ததும் பையிலிருந்து சின்ன வெங்காயத்தை எடுத்து எனக்கு ஒரு கை, எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவுக்கு ஒரு கை, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பெண்ணுக்கு ஐந்தாறு என்று கொடுத்துவிட்டார். "உரிச்சுக்கிட்டே வாங்க, வூடு வந்துரும்." பாதி பஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் மட்டும், "யக்கா, நாளைக்கு முருங்கைக்கீரை கொண்டாந்துராதீங்க, டிக்கெட்டு போட ஆளு இருக்காது" என்றார்.

இனி ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எண்ணச் சுழற்சி நோய், ஆங்கிலத்தில் ஓ.சி.டி., என்று ஒன்று உண்டு. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தும் பூட்டவில்லையோ என்று தோன்றும். கழுவிய கையைத் திரும்பக் கழுவச் சொல்லும். செய்தது போதாது, சரியில்லை, இன்னொரு தடவை என்று மூளை விடாமல் நச்சரிக்கும். அப்படி அவதிப்படுகிறவர்களையும் அவர்களுடைய அண்ணன் தங்கைகளையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் திட்டம். முதலில் மூளையின் அமைப்பைக் காட்டும் படம். அடுத்து எட்டு நிமிடம், ஓய்வு ஸ்கேன். அதுதான் எனக்கு உயிர்! மூளை ஓய்வாக இருக்கும்போதும் ஓய்ந்திருப்பதில்லை. எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, தலை அசையக் கூடாது. இரண்டு, குறிப்பாக எதையும் யோசிக்கக் கூடாது. மனம் போன போக்கில் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை நான் மைக்கில் படிப்பேன். "கண்ணைத் திறந்து கூட்டல் குறியைப் பாருங்க. தூங்கிடாதீங்க. எதையும் குறிப்பா நினைக்காதீங்க." முதல் நிபந்தனை அக்காவின் பொறுப்பு. இயந்திர அறைக்குள் ஆளின் காதருகே குனிந்து ஏதோ சொல்வார். கண்ணாடிக்கு இந்தப்புறம் எனக்கு எதுவும் கேட்காது.

படங்கள் வந்தன பாருங்கள்! அப்படி ஒரு தெளிவு. மற்ற ஊர்களில் எடுத்த ஸ்கேன்களில் பாதி, தலை ஆடி வீணாகிக்கொண்டிருந்தன. எங்களுடையதில் ஒன்றுகூட வீணாகவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் பேராசிரியை காரணம் கேட்டபோது, "எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இயல்பாவே நிதானம் அதிகம் மேடம்" என்று அள்ளிவிட்டேன். மானாவாரி விவசாயத்துக்கும் தலை அசையாமைக்கும் உள்ள தொடர்பு பற்றி அரைப்பக்கம் எழுதியும் வைத்தேன். அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை. இனியும் பார்க்க மாட்டார்கள்.

படம் எடுத்தவர்களுக்கு அவரவர் மூளைப்படம் ஒன்று அச்சிட்டுத் தருவோம். வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னங்க, இவ்ளோ சின்னதா இருக்கு?" என்று வாடிப்போனார்.

"உள்ள மடிச்சு வச்சிருக்குங்க. பிரிச்சா அகலமா வரும்" என்றார் அக்கா. என்னுடைய பாடப்புத்தகம் இதை ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ரியாஸ் அண்ணன் வந்தது அந்தச் சமயத்தில்தான். வளைகுடாவில் நல்ல வேலையில் இருந்தவர். கடையின் ஷட்டரைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தே வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். தொழுகைக்கு முன் உளூ செய்ய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். சரியாகக் கழுவவில்லையோ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். "எங்க பக்கம் வஸ்வாஸ்னு சொல்லுவாங்க" என்றார் கூட வந்த தங்கை ஷமீமா. "திருச்சி டாக்டர்கிட்ட பாக்குறோம். மாத்திரையில கொஞ்சம் பரவால்ல. சரியா செஞ்சேனான்னு கேட்டா மட்டும் ஆமான்னு சொல்லிடாதீங்க. டாக்டர் கண்டிஷனா சொல்லியிருக்காரு. ஆமான்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல மறுபடி கேப்பாரு."

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் ஷமீமாவை ஸ்கேன் எடுத்தோம். அடுத்து ரியாஸ் அண்ணன் படுத்தார். எட்டு நிமிடம், மில்லிமீட்டர்கூட நகரவில்லை. எங்கள் ஸ்கேன்களிலேயே அதுதான் சுத்தமானது. வெளியே வந்ததும், "அக்கா, சரியா இருந்தேனா?" என்றார்.

அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அருமை தம்பி! ஒரே தடவையில முடிச்சுட்டீங்க. திரும்ப எடுக்கவே வேணாம்."

ஷமீமா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஆனால் ரியாஸ் அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒரே தடவையிலயா?" என்று தங்கையிடம் திரும்பினார். "கேட்டியா? ஒரே தடவையில." அந்த வாரம் மூன்று முறை போன் செய்து, "நிஜமாவே ஆடலையா அக்கா?" என்று கேட்டார்தான். இருந்தாலும் தான் ஒரே தடவையில் செய்து முடித்த காரியம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டுகிறாராம். ஷமீமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. செந்துறையிலிருந்து வந்த ஒரு பெரியவரை ஸ்கேன் எடுத்தோம். நோயாளி அவருடைய தம்பி. இவர் ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர். வெளியே வந்தவர் முகத்தில் கோபம்.

"ஏம்மா, அரியலூர் வர்றதுக்குள்ள நிறுத்திப்புட்டீங்க?"

"எதை ஐயா?"

"பஸ்ஸத்தான். சிமென்ட் ஃபேக்டரி கேட்டுல ஒரு லாரி குறுக்க நின்னுச்சு. அதுக்காக ஒதுங்கி நின்னேன். அது போறதுக்குள்ள உங்க மிஷினு கம்முனு ஆயிருச்சு. இன்னும் நாலு ஸ்டாப்பிங் இருக்குல்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் தலைக்கூட்டைத் துடைப்பதில் தீவிரமாக இருந்தார்.

"அக்கா, உள்ள என்ன சொல்றீங்க இவங்ககிட்ட?"

"பெருசா ஒண்ணும் இல்லடி. எந்த பஸ்ல வந்தீங்கன்னு கேப்பேன். அதே பஸ்ல மனசுக்குள்ளயே ஏறி, ஒரு ஸ்டாப்பிங் விடாம நின்னு நின்னு போங்க, சத்தம் நிக்கிற வரைக்கும் எறங்காதீங்கன்னு சொல்லுவேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"பின்ன? ஒருத்தருக்கு வேலை குடுத்துட்டு இன்னொருத்தரைச் சும்மா விடுறதா?"

"எதையும் குறிப்பா நினைக்காதீங்கன்னு நான் மைக்ல கத்துறேனே!"

"அதான் பாப்பா பயமுறுத்துது. நினைக்காதன்னா என்னத்தைத்தான் நினைக்கிறது? பாவம், தலையைக் கட்டிப்போட்டு, மூஞ்சிக்கு மேல கூண்டு மாட்டி, நினைக்கவும் கூடாதுன்னா? பஸ்ல ஏறிட்டா ஒருத்தரும் ஆட மாட்டேங்கிறாங்க, நீயே பாத்தல்ல?"

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பத்தொன்பது பேரின் ஓய்வு ஸ்கேனில் ஒருவர்கூட ஓய்வில் இல்லை. பத்தொன்பது பேரும் பஸ்ஸில் இருந்திருக்கிறார்கள். மற்ற ஊர்களின் மூளைகள் மனம்போல் அலைந்துகொண்டிருக்க, எங்கள் மாவட்ட மூளைகள் மட்டும் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிடவே முடியாது.

அக்காவிடம் இதை விளக்கியபோது டீ ஆறிப்போனது. நான் மெதுவாக, "படமெல்லாம் தெளிவாத்தானே இருக்கு, சொல்லாமலே விட்டுட்டா யாருக்கும் தெரியாது" என்று இழுத்தேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியுமே. போனைப் போடு, நானே சொல்றேன்" என்றார்.

பேராசிரியையிடம் அவரே சொன்னார். மேடம், அமைப்புப் படங்களுக்குப் பழுதில்லை என்றும், ஓய்வு ஸ்கேனை மட்டும் ஒவ்வொருவரும் விரும்பினால் மறுபடி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தோம். அக்காதான் பேசினார். "தப்பு என்னோடது. நீங்க நல்லாத்தான் இருந்தீங்க. இன்னொரு தடவை வரணும். இந்தத் தடவை பஸ்ஸு கெடையாது." செந்துறைப் பெரியவர், "பஸ்ஸு இல்லைன்னா எப்புடிம்மா போறது?" என்று கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

ரியாஸ் என்ற பெயர் வந்ததும் அக்கா போனைக் கீழே வைத்தார்.

"இவருகிட்ட என்னால முடியாது பாப்பா."

"ஏன்க்கா?"

"சரியில்ல, திரும்பச் செய்யின்னு அவரு தலைக்குள்ள நாள் பூரா ஒண்ணு சொல்லிக்கிட்டே கெடக்கு. இப்ப நானும் போன் பண்ணி அதையே சொல்லவா? அதுவும் நான் வாயால ஒரே தடவைன்னு சொல்லி அனுப்பினவரு."

என் புத்தகத்தில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. பேராசிரியையிடம் கேட்டோம். அவரை விட்டுவிடுங்கள் என்றார். ஷமீமாவை மட்டும் அழைத்து, அண்ணனுக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லலாம் என முடிவு செய்தோம். மூன்று பேர் சேர்ந்து எடுத்த முடிவு. படித்தவர்கள் இருவர் அதில் இருந்தும், ஒரே வீட்டில் ஒரே போன் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"ஹலோ" என்றது ரியாஸ் அண்ணனின் குரல். அக்கா உளறினார். "தங்கச்சி இருக்காங்களா தம்பி? அவங்க ஸ்கேனை மட்டும் திரும்ப..."

"அவளை மட்டுமா? நானும் அன்னிக்குத்தானே எடுத்தேன். என்னை ஏன் கூப்பிடல?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

"அப்ப அன்னிக்கு நான் செஞ்சது சரியில்லையா?"

"நான் சொன்னதை நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க வரணும்னு இல்ல தம்பி. மேடமும் வேணாம்னுட்டாங்க."

"நான் வரணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க?" என்றார் ரியாஸ் அண்ணன். "ஞாயித்துக்கிழமை வரேன்." வைத்துவிட்டார்.

அந்த ஒரு வாரம் அக்கா படுத்திய பாடு! ரியாஸ் தம்பி திரும்பத் திரும்பச் செய்வதிலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, உள்ளே போய் ஆடினால் என்ன செய்வது, இத்தனை நாள் முன்னேற்றமும் நம்மால் போய்விட்டால் என்ன செய்வது என்று என்னை அரித்துக்கொண்டே இருந்தார். நான் மறுபடி போன் செய்தபோது நல்லவேளையாக ஷமீமாவே எடுத்தார்; திருச்சி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். அவரே விரும்பி வந்தால் வரட்டும், ஆறுதலாக எதையும் சொல்லாதீர்கள் என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை இருவரும் வந்தார்கள். ஷமீமாவுடையது முடிந்தது. ரியாஸ் அண்ணன் வராந்தாக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கால்மணி நேரமாக. தங்கை, "அண்ணே, போதும்ணே" என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். துண்டைப் பிடிக்கச் சொல்வார், சுவரில் டைல்ஸ் எண்ணச் சொல்வார், ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர்பாட்டுக்கு நின்றார். ரியாஸ் அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். பிறகு குழாயை மூடினார். ஈரக்கையோடு உள்ளே வந்தார்.

தலையைப் பொருத்தி, கையில் அவசரத்துக்கு அமுக்கும் ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு, அக்கா கண்ணாடிக்கு இந்தப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மைக்கில் படித்தேன். இயந்திரம் தடதடக்க ஆரம்பித்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். திரையில் தலையின் அசைவைக் காட்டும் கோடு முதல் நிமிடமே துள்ளியது. இரண்டாவது நிமிடம் மறுபடி. அக்காவின் கால் தரையைத் தட்டியது; நான் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். நாலாவது நிமிடத்துக்குப் பிறகு கோடு அமைதியானது. ஏழில் ஒரு சின்ன அசைவு. எட்டு.

ரியாஸ் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் கூட்டின் தடம் பதிந்திருந்தது.

"அக்கா, சரியா இருந்தேனா?"

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அதிகம் தவித்தது அவர்தான்.

"தெரியல தம்பி. கொஞ்சம் ஆடுன மாதிரிதான் இருந்துச்சு. சென்னையில பாத்தாத்தான் தெரியும்."

ரியாஸ் அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்கப்போகிறார், என்ன பதில் சொல்வது என்று நான் மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

வெளியே நாற்காலியிலிருந்து ஷமீமா துள்ளி எழுந்தார். டாக்டர் சொன்னது, தான் சொன்னது எல்லாம் மறந்துபோய், "சரியா வந்துச்சாண்ணே?" என்றார்.

"தெரியாதாம்" என்றார் ரியாஸ் அண்ணன். "வா, பசிக்குது."